சுத்தம் பேசுகிறவர்களுக்கு

அரபு இசையையும் ஜாஸையும் சேர்த்து வாசிக்கும் குழுக்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேச்செடுத்தால் மூன்று விதமான பதில் வரும். சென்னை சபாக்களில் ஊறிய ரசிகர், அது ஆழமில்லாத கலவை, இரண்டு மரபையும் ஒரே நேரத்தில் கெடுக்கிற வேலை என்பார். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ மார்க்கப் பற்றுள்ள இளைஞர், அரபு ஓதுவதற்கானது, அதற்கும் சாக்ஸபோனுக்கும் என்ன உறவு என்பார். இந்த இரண்டிலும் சேராத மூன்றாமவர், ஐரோப்பாவில் வசதியானவர்கள் மாலையில் கேட்கிற சங்கீதம் அது, தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்க்கிற ஊருக்கு அதனால் ஆவதென்ன என்பார். வேறு எதிலும் ஒத்துப்போகாத இந்த மூவரும் இதில் மட்டும் ஒரே கட்சி. ஒவ்வொரு இசைக்கும் ஒரு வீடு உண்டு, அந்த வீட்டுக்குள் இருக்கும்வரைதான் அது சுத்தம், படி தாண்டினால் கெட்டுப்போகும் என்பது மூவரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட நம்பிக்கை.

இதை ரசனை வேறுபாடு என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. இது உண்மைக்கு மாறானது. தோலைத் தொட்டுப் பிழைக்கிற எங்கள் வட்டாரத்துக்குச் சுத்தம் என்ற பேச்சு செய்த தீங்கும் கொஞ்சமல்ல. அதனால் மறுத்தே ஆக வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு இசைத்தட்டைப் பற்றிச் சொல்கிறேன். 1992இல் மியூனிக்கின் என்யா நிறுவனம் ‘புளூ கேமல்’ என்ற தட்டை வெளியிட்டது. அரபு இசையும் ஜாஸும் சேர்ந்த ஆக்கங்களைப் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் தட்டு அது. குழுவின் தலைவர் ரபீஹ் அபூ கலீல். 1957இல் பெய்ரூத்தில் பிறந்து, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1978இல் மியூனிக்குக்குக் குடிபெயர்ந்தவர். அவர் வாசிப்பது ஊத், அதாவது கழுத்தில் மெட்டுகள் இல்லாத அரபுத் தந்திக்கருவி. உடன் வாசித்தவர்கள்: டிரம்பெட்டும் ஃப்ளூகல்ஹார்னும் கனடாவில் பிறந்த கென்னி வீலர், பாஸ் அமெரிக்கரான ஸ்டீவ் ஸ்வாலோ, காங்கா போர்ட்டோரிக்கோவில் பிறந்த மில்டன் கார்டோனா, அரபுச் சட்டமேளங்கள் நபீல் கையாத். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அந்த இரண்டு பேரைத்தான் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஒருவர் சார்லி மரியானோ. 1923இல் பாஸ்டனில் இத்தாலியக் குடியேறிகளின் வீட்டில் பிறந்தவர். சார்லஸ் மிங்கஸ் போன்ற பெரிய ஜாஸ்காரர்களோடு வாசித்துப் பெயர் பெற்ற ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞர். 1960களின் பிற்பகுதியில் மலேசியாவில் பணியாற்றியபோது அவருடைய காதில் நாகஸ்வரம் விழுந்தது. கேட்டோம், ரசித்தோம் என்று அவர் விடவில்லை. 1970களில் தென்னிந்தியாவுக்கு வந்து தங்கி நாகஸ்வரம் பயின்றார், தன் தட்டுகளில் அதை வாசிக்கவும் செய்தார். 1983இல் பெங்களூரின் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் குழுவோடு, ஆர். ஏ. ரமாமணியின் குரலுக்கும் டி. ஏ. எஸ். மணியின் மிருதங்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, ‘ஜ்யோதி’ என்ற தட்டைப் பதிவு செய்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல், கையில் நல்ல பெயர் இருக்கும்போது, இன்னொரு மரபின் வாசலில் மாணவனாகப் போய் உட்கார்ந்த மனிதர் அவர்.

இன்னொருவர் ரமேஷ் ஷோத்தம். மதராஸ்காரர். 1970களில் ‘ஹ்யூமன் பாண்டேஜ்’ என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். பிறகு அதே கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியில் தவில் பயின்றார். மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் என்று கையை விரித்துக்கொண்டார். ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறினார். ‘புளூ கேமல்’ தட்டில் தென்னிந்தியத் தாளக் கருவிகளை வாசித்தவர் அவர்தான். அதற்கு முன்பே, 1980களில் அபூ கலீல் செய்த இன்னொரு தட்டிலும் இதே மரியானோவும் இதே ஷோத்தமும் இருந்தார்கள்.

ஆக, நாகஸ்வரம் பயின்ற மூச்சு ஒரு பக்கம், தவில் பயின்ற கை இன்னொரு பக்கம், நடுவில் பெய்ரூத்தின் ஊத். அரபு ஜாஸ் என்று உலகம் கொண்டாடுகிற தட்டுகளில் ஒன்றுக்குள் நம் கோயில் வாசல் மேளத்தின் இரண்டு பாதிகளும் உட்கார்ந்திருக்கின்றன. இது நமக்கு அந்நியம் என்று சொல்கிறவர்கள் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இப்படியொரு தட்டு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் இசை விமர்சனத்தில் அதைப் பற்றிய பேச்சு என் கண்ணில் படவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். சக்தி குழுவைத் தெரியும் நமக்கு. ஜான் மெக்லாஃப்லினோடு எல். சங்கரும் ஜாகிர் உசேனும் விக்கு விநாயக்ராமும் சேர்ந்து 1970களில் தொடங்கிய அந்தக் குழு, அரை நூற்றாண்டு கழித்து 2024இல் கிராமி வாங்கியபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எழுதட்டும், தகுதியானதுதான். ஆனால் கிடாரோடு கடம் சேர்ந்தால் பெருமை, ஊத்தோடு தவில் சேர்ந்தால் அந்நியம் என்கிற கணக்கு எப்படி வந்தது?

இனி சபா ரசிகரின் வாதத்துக்கு வருகிறேன். மூன்றில் கனமானது அதுதான். அதை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் சொல்வது இது. அரபு இசையின் உயிர், நம் ராகங்களைப் போன்ற மகாம்களில் இருக்கிறது. மகாம்களின் உயிர், பியானோவின் கட்டைகளுக்கு நடுவே விழுகிற ஸ்வரங்களில் இருக்கிறது. ராஸ்த் என்ற மகாமின் மூன்றாவது ஸ்வரம் நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கும். பயாத்தியின் இரண்டாவது ஸ்வரம் சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவில். ஜாஸோ பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டிய ஸ்வரங்களின் மேல், அடுக்கடுக்கான கார்டுகளால் எழுப்பியது. இரண்டையும் சேர்த்தால் நடு ஸ்வரங்கள் முதலில் சாகும். மிஞ்சுவது ஹிஜாஸ் என்ற மகாம் போல ஒலிக்கிற ஒரு மேற்பூச்சு. பாலில் தண்ணீர் ஊற்றினால் பாலும் போச்சு தண்ணீரும் போச்சு என்கிற கதை.

இந்தக் கவலை வெறும் பிடிவாதத்தில் பிறந்ததில்லை. தோடியின் காந்தாரத்தை ஆர்மோனியத்தில் பிடிக்க முடியாது என்று அறிந்த நாடு இது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்து முப்பது ஆண்டுகள் வைத்திருந்ததற்கும் இதே கவலைதான் காரணம். இப்படிச் செத்த ஸ்வரங்களை நானும் கேட்டிருக்கிறேன். பெரிய ஓட்டல்களின் வரவேற்புக் கூடங்களிலும் கம்பெனி விழாக்களிலும் ஃப்யூஷன் என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி அந்த வகைதான். ஒருவர் தன் பாடத்தை வாசிப்பார், இன்னொருவர் தன் பாடத்தை வாசிப்பார், முடிவில் இருவரும் வேகத்தை ஏற்றிக் கைத்தட்டல் வாங்குவார்கள். அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

ஆனால் சபா ரசிகர் இந்த உதாரணங்களிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. நடு ஸ்வரங்கள் சாவதற்குக் காரணம் சேர்க்கை என்கிறார் அவர். காரணம் சோம்பல். உழைத்தவர்கள் கையில் அவை சாகவில்லை. சிகாகோ பக்கத்தில் இராக்கியத் தந்தைக்குப் பிறந்த அமீர் எல்சஃபார் ஜாஸ் டிரம்பெட் கலைஞராக வளர்ந்தவர். 2002இல் பாக்தாத்துக்குப் போய் இராக்கிய மகாம் கற்கத் தொடங்கினார், போர் நெருங்கியபின் ஐரோப்பாவில் வாழ்ந்த மகாம் ஆசிரியர்களைத் தேடிப் போனார். சந்தூர் கற்றார், மகாம் பாடக் கற்றார், நடு ஸ்வரங்களை டிரம்பெட்டில் கொண்டுவர உதட்டையும் விரலையும் பழக்கினார். 2007இல் அவர் வெளியிட்ட ‘டூ ரிவர்ஸ்’ தட்டில் பியானோ கிடையாது. ஊத் உண்டு, புஸுக் உண்டு, பக்கத்தில் ருத்ரேஷ் மகந்தப்பாவின் சாக்ஸபோன் உண்டு. அதே மகந்தப்பா அடுத்த ஆண்டே நம் கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்து ‘கின்ஸ்மென்’ தட்டைச் செய்தார். லெபனான் குடும்பத்தைச் சேர்ந்த இப்ராஹிம் மாலூஃப் இன்னொரு வழியில் போனார். சாதாரண டிரம்பெட்டுக்கு மூன்று வால்வு. அவருடைய தந்தை நசீம் மாலூஃப் நான்காவது வால்வு ஒன்றைச் சேர்த்து, கால் ஸ்வரங்களை நேராக ஊதும்படி கருவியையே மாற்றி அமைத்தார். மகன் அந்தக் கருவியோடு ஜாஸ் மேடைக்கு வந்தார். நடு ஸ்வரத்தைக் காப்பாற்றுவதற்காகக் கருவியையே மாற்றிய குடும்பத்தைப் பார்த்து மரபைக் கெடுத்தார்கள் என்பது எந்த நியாயம்?

எல்லா முயற்சியும் இப்படித் தேறியது என்று நான் சொல்ல மாட்டேன். திலோனியஸ் மாங்க்கோடு பாஸ் வாசித்த அஹ்மத் அப்துல் மாலிக் 1958இல் ‘ஜாஸ் சஹாரா’வைப் பதிவு செய்தார். கானூனும் தர்புக்காவும் ஜானி கிரிஃபினின் சாக்ஸபோனும் அதில் இருக்கின்றன. முன்னோடி என்ற மரியாதை அதற்கு உண்டு. ஆனாலும் என் காதுக்கு அது இரண்டு குழுக்கள் ஒரே அறையில் வாசிப்பதாகத்தான் கேட்கிறது. கிரிஃபின் தன் மொழியில் பேசுகிறார், அரபுக் கருவிகள் அவருக்குப் பின்னணி போடுகின்றன. முப்பத்து நான்கு ஆண்டு கழித்து ‘புளூ கேமல்’ வந்தபோது சாக்ஸபோன் ஊத்தின் வாக்கியத்தைக் கேட்டு, அது நிற்கும் இடத்தில் தொட்டு, அதன் அசைவிலேயே பதில் சொல்கிறது. இடைப்பட்ட காலத்தில் நடந்தது கற்றல். சபா ரசிகருக்கு இது புரிய வேண்டும், ஏனென்றால் அவர் மதிக்கிற எல்லாமே குருவின் முன்னால் உட்கார்ந்து கற்றதுதான்.

தாளத்தில் இந்தக் கற்றலுக்கு வழி இன்னும் சீக்கிரம் திறக்கிறது. அரபுத் தாளம் பயில்கிறவர் ‘தும்’, ‘தக்’ என்று முதலில் வாயால் சொல்லிப் பழகுகிறார், நம்மவர் சொல்கட்டைச் சொல்லிப் பழகுவதுபோலவே. சமாயீ என்ற பத்து எண்ணிக்கைத் தாளத்தை மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரிக்கிறார்கள். தவ்ர் ஹிந்தி என்ற ஏழு எண்ணிக்கைத் தாளம் மூன்று, இரண்டு, இரண்டு. நம் மிஸ்ர சாபுவைத் தட்டத் தெரிந்த பையன் அதை முதல் நாளே தட்டிவிடுவான். ஸ்வர வரிசைகளிலும் உறவு இருக்கிறது. ஹிஜாஸ்கார் என்ற மகாம் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களில் நிற்கிறது. நிக்ரீஸ், ஹேமவதி. நவா அதர், சிம்மேந்திரமத்யமம். ஸ்வரம் ஒன்றானதால் ராகம் ஒன்றாகிவிடாது, பிடிகளும் கமகங்களும் வேறு என்று சபா ரசிகர் உடனே திருத்துவார். திருத்தட்டும், சரியான திருத்தம். அந்த வேறுபாட்டில்தான் இரண்டு கலைஞர்கள் பேசிக்கொள்ள விஷயம் இருக்கிறது. எல்லாம் ஒன்றாகவே இருந்தால் சேர்ந்து வாசிக்கத் தேவையே இல்லை.

சரி, எந்தத் தூய மரபைக் காப்பாற்றப் போகிறோம்? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மதராஸில் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம். முத்துசுவாமி தீட்சிதரே ஆங்கிலேய பேண்ட் மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். கஞ்சிரா பஜனைகளிலும் ஊர்ப்பாட்டுகளிலும் இருந்தது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றினார். கிளாரினெட்டை ஏ. கே. சி. நடராஜனும், மாண்டலினை யூ. ஸ்ரீநிவாஸும், சாக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத்தும் கொண்டுவந்தபோதெல்லாம் முணுமுணுப்பு எழுந்தது, பிறகு பட்டங்கள் வந்தன. நாகஸ்வரத்தின் பெருமையைப் பேசும்போது ஷேக் சின்ன மௌலானாவை விட்டுவிட்டு யாரால் பேச முடியும்? திருவரங்கத்தில் குடியிருந்து வாசித்தவர் அந்த இஸ்லாமியர்.

அரபுப் பக்கமும் இதே நிலைதான். 1932இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடியது. ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் பார்டோக்கும் ஹிண்டமித்தும் வந்திருந்தார்கள். ஸ்தாயியை இருபத்து நான்கு சம பங்குகளாக வெட்டலாமா, பியானோவை ஏற்கலாமா என்று அங்கே அரபுகளே தங்களுக்குள் கடுமையாக விவாதித்தார்கள். 1964இல் எகிப்தியப் பாடகி உம்மு குல்தூம் ‘இன்த்த உம்ரி’ பாடியபோது அப்துல் வஹாபின் இசையமைப்பில் மின் கிடார் ஒலித்தது. இன்று அசல் அரபு இசை எது என்று கேட்டால் கெய்ரோவின் டாக்சி ஓட்டுநர் அந்தப் பாட்டைத்தான் போடுவார்.

இனி எங்கள் வட்டாரத்துப் பேச்சு. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீள்கிற இந்தப் பட்டையில் முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம்கள், தோலில் கை வைக்கிற தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். சுத்தம், தீட்டு என்ற பேச்சு என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோல் வேலைக்காரன் என்றதும் குவளையைத் தள்ளி வைத்த ஊர்கள் பக்கத்திலேயே இருந்தன. இசையில் சுத்தம் பேசும்போது இந்த வரலாறு என் நினைவுக்கு வந்தே தீரும். மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பசு, எருமை, ஆடு என்று மூன்று விலங்குகளின் தோல்களும் அதற்குள் போகின்றன. அந்தத் தோலைத் தேர்ந்து, நனைத்து, வார்ந்து, மூட்டுகிறவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய பெயர்களைக் கச்சேரி உலகம் எப்படி மறைத்து வைத்தது என்பதை டி. எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற 2020ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதினார். தவிலின் வலந்தலைக்கு எருமைத்தோல், தொப்பிக்கு ஆட்டுத்தோல். ரிக் என்ற அரபுக் கைமேளத்துக்கு மீன் தோலோ ஆட்டுத்தோலோ. டேனரியில் பதனிட்ட தோல் மேளத்துக்கு ஆகாது, அது மெத்தென்று போய் ஒலியை விழுங்கிவிடும். மேளம் கேட்பது மயிர் நீக்கி, பதனிடாமல், இழுத்துக் கட்டி உலர்த்திய தோல். இந்த வேறுபாடு எங்கள் ஊர்த் தொழிலாளிக்கு விரல் நுனியில் தெரியும். தூய மரபு என்று மேடையில் போற்றப்படுகிற ஒவ்வொரு மேள அடியும், தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கைகள் செய்து கொடுத்த தோலின் மேல்தான் விழுகிறது. எது எதோடு சேரக்கூடாது என்று விதி சொல்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மார்க்கப் பற்றுள்ள இளைஞரிடம் நான் வேறு தொனியில் பேச வேண்டும். அவர் தயங்குவது ஆணவத்தால் அல்ல, அச்சத்தால். இந்த வட்டாரத்துக்கு அரபுக் கல்வியில் பெரிய பெயர் உண்டு. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது, ஆம்பூர் அருகே உமராபாத்தின் ஜாமிஆ தாருஸ்ஸலாம் 1924இல். கருவி இசை கூடுமா கூடாதா என்பது ஆலிம்கள் பல நூற்றாண்டாக வாதிட்டுவரும் கேள்வி. அதில் தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. தன் மனசாட்சிப்படி கேட்க மறுக்கிறவரை நான் மதிக்கிறேன். ஆனால் அரபுக்கும் இசைக்கும் உறவே இல்லை என்று அவர் சொன்னால் அது வரலாறு இல்லை. ஃபாராபி பத்தாம் நூற்றாண்டில் இசையைப் பற்றிப் பெரும் நூல் எழுதினார். இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யா என்ற நூலில், இசை கேட்பதன் ஒழுங்கைப் பற்றித் தனிப் பகுதியே எழுதினார். பாக்தாதிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவுக்குப் போன ஸிர்யாப், ஊத்தின் வரலாற்றையே திருப்பினார். எகிப்தில் குர்ஆன் ஓதுகிற காரிகள் மகாம்களை அறிந்தே ஓதுகிறார்கள். அவர்கள் அதை இசை என்று அழைப்பதில்லை, நானும் அழைக்கவில்லை. ஆனால் உம்மு குல்தூம் என்ற இமாமின் மகள் தன் உச்சரிப்பையும் மூச்சையும் குழந்தைப் பருவத்தில் பயின்றது அந்த ஓதலில்தான். ஐந்து வயதிலேயே தஜ்வீத் என்ற ஓதல் இலக்கணத்தைக் கற்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு நீட்டலும் நிறுத்தலும் காதில் ஏறிவிடுகின்றன. தர்காக்களில் பக்கீர்கள் தப்ஸ் என்ற கைமேளம் அடித்துப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களும் இங்கே ஏராளம். நாகூர் தர்காவின் பாடகர்களைச் சென்னையின் எர்த்சிங்க் நிறுவனம் ‘நாகூர் செஷன்ஸ்’ என்று பதிவு செய்தபோது, அந்தக் குரல்கள் புதிய கருவிகளுக்கு நடுவில் ஒரு இழையும் நழுவாமல் நின்றன. பக்தியின் குரல் வேற்றுக் கருவியோடு சேர்ந்தால் கலைந்துவிடும் என்று அஞ்சுகிறவர் அதை ஒருமுறை கேட்க வேண்டும்.

மூன்றாமவரின் கேள்வி, நமக்கு இதனால் என்ன என்பது. டேனரிக் கழிவால் பாலாறு கெட்டு, கிணறு கெட்டு, 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கிய ஊரில், ஊத்தும் சாக்ஸபோனும் யாருக்கு வேண்டும் என்கிறார். தண்ணீருக்கான போராட்டத்தை விட்டுவிட்டுப் பாட்டுக் கேளுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உழைக்கிற ஊருக்கு வயிறு மட்டும்தான் உண்டு என்று வெளியார் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அதையே நாமே ஏன் சொல்ல வேண்டும்? ஜாஸைச் செய்தவர்கள் வசதியானவர்கள் இல்லை. அடிமைகளாக இழுத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், துறைமுகத்திலும் தெருவிலும் வேலை பார்த்தவர்கள், பட்டாள பேண்டுகளின் டிரம்பெட்டையும் கிளாரினெட்டையும் எடுத்து நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் செய்த இசை அது. அதே பட்டாள பேண்டுதான் இங்கே கல்யாண ஊர்வலத்து பேண்ட் செட்டாக மாறியது. ஆம்பூர் பஜார் வழியாகச் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டு போகிற கிளாரினெட்காரருக்கும் நியூ ஆர்லியன்ஸ் இறுதி ஊர்வலத்துக் கிளாரினெட்காரருக்கும் கருவியில் வேறுபாடு இல்லை, தொழிலிலும் பெரிய வேறுபாடு இல்லை.

ஐரோப்பா தூரம் என்பதும் சரியில்லை. எங்கள் ஷூக்கள் போய்ச் சேருகிற முக்கியமான நாடுகளில் ஜெர்மனி ஒன்று. டுஸ்ஸல்டார்ஃப் காலணிக் கண்காட்சிக்கு இங்கிருந்து எத்தனையோ வியாபாரிகள் ஆண்டுதோறும் போய்வந்தார்கள். ஷோத்தம் வாழும் கொலோன், மரியானோ 2009இல் கண் மூடிய கொலோன், அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். தோல் போன வழியில் இசை திரும்பி வரவில்லை என்றால், நாம் கேட்டு வாங்கவில்லை என்பதுதான் காரணம்.

இந்த இசையை எதிர்க்கிறவர்கள் சொல்வதில் ஒன்றை மட்டும் நான் முழுமையாக ஏற்கிறேன். 1987இல் லண்டனில் சில இசைத்தட்டு வியாபாரிகள் ஒரு மதுக்கடையில் கூடி, ஐரோப்பா அமெரிக்கா அல்லாத இசைகளைக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று பேசி ‘வேர்ல்ட் மியூசிக்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த அலமாரிக்குள் போனபின், வெள்ளைக்காரர் பெயர் அட்டையில் பெரிதாகவும், மேளம் வாசித்தவர் பெயர் பொடி எழுத்திலும் வருவது வழக்கமானது. அநியாயம்தான் அது. ஆனால் அதற்கான பரிகாரம் சேர்ந்து வாசிப்பதை நிறுத்துவதில் இல்லை. யார் இசையமைக்கிறார், யார் குழுவை நடத்துகிறார், பதிவின் உரிமை யாரிடம் என்ற கேள்விகளில் இருக்கிறது. ‘புளூ கேமல்’ ஒரு பெய்ரூத்காரர் இசையமைத்து, அவரே தலைமை தாங்கிய தட்டு. அமெரிக்க ஜாஸின் பெரிய பெயர்கள் அவருடைய மெட்டுகளைக் கற்றுக்கொண்டு வாசித்தார்கள். அப்படியொரு குழுவை ஒரு ஆம்பூர்க்காரர் நடத்த முடியாது என்று எந்த விதியும் இல்லை.

முடியாமல் தடுப்பது காசும் மனமும். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியையும் 1965இல் மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரியையும் எழுப்பிய வட்டாரம் இது. தோலில் சம்பாதித்ததைக் கல்விக்குக் கொடுக்கத் தெரிந்த செல்வர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். கட்டடம் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பெரிய பெயர் எதையும் வரவழைக்கவும் சொல்லவில்லை. தப்ஸ் அடிக்கிற பக்கீர் ஒருவர், கஞ்சிரா கற்ற ஒருவர், கோயிலில் தவில் வாசிக்கிற ஒருவர், பேண்ட் செட் கிளாரினெட்காரர் ஒருவர், மகாம்களைச் சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியர் ஒருவர். இவர்கள் வாரம் இரண்டு மாலை ஓர் ஆண்டு சேர்ந்து உட்கார ஒரு அறை வேண்டும். முதல் ஆறு மாதம் கச்சேரி கேட்டு யாரும் நச்சரிக்கக் கூடாது. கல்யாண சீசனில் ஒத்திகைக்கு வந்ததால் கிளாரினெட்காரரும் தவில்காரரும் இழக்கிற வருமானத்தை அன்றன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். பதிவு என்று ஒன்று வந்தால் ஐந்து பெயர்களும் ஒரே அளவு எழுத்தில், உரிமை ஐவருக்கும் சமமாக.